புலியைக் காப்பாற்றுங்கள். பளியரை விரட்டித்தான் காப்பாற்ற வேண்டுமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் முழுதாகப் படியுங்கள். இல்லாதவர்கள் இரவு சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வராதீர்கள். முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள், கேள்வியைப் படிக்காமல் விடை எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கு என்று எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. ஜூலை 29, உலகப் புலிகள் தினம். அன்று காலையில் ஒரு தலைமையாசிரியர் (நான் மதிக்கிறவர், பெயர் வேண்டாம்) ஒரு செய்தியை அனுப்பியிருந்தார். இந்தியாவில் இத்தனை புலி, உலகத்துப் புலிகளில் முக்கால்வாசி நம்மிடம்தான் என்று ஆரம்பம். படித்ததும் சந்தோஷம்தான். கடைசி வரியில் இருந்தது விஷம். "காட்டுக்குள் குடியிருக்கும் எல்லோரையும் கீழே இறக்கினால் புலி இரண்டு மடங்காகும். கொடைக்கானல் மலையிலும் இதைச் செய்ய வேண்டும்." கீழே வரிசையாகக் கட்டைவிரல். நாற்பது பேர் இருக்கிற குரூப்பில் ஒருவர்கூட "இறக்கி எங்கே சார் விடுவது?" என்று கேட்கவில்லை.

நான் அன்று கேட்கவில்லை. அது என் தப்பு. இப்போது கேட்கிறேன். ஏன் இப்போது என்றால், போன வாரம் பஸ் ஸ்டாண்டில் என்னை ஒருவன் பார்த்தான்.

"டீச்சர், நல்லா இருக்கீகளா? என்னையத் தெரியுதா?"

தெரியவில்லை. நாற்பத்தைந்து வயது இருக்கும். முன்பக்கம் நரை. பெயரைச் சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. ஆத்தூர் பக்கம், பழனி மலை அடிவாரத்தில் ஒன்றியப் பள்ளியில் வேலை பார்த்தபோது மேலே பளியர் குடியிருப்பில் இருந்து நடந்து வந்து படித்த பையன். அம்மாவை ஆஸ்பத்திரியில் காட்டுவதற்காக வந்திருந்தான். வனத்துறையில் தினக்கூலியாக அவ்வப்போது வேலை, மற்ற நாட்களில் தேன், கடுக்காய், தோட்டவேலை. டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு போனை எடுத்துக் காட்டினான்.

"டீச்சர், இதப் பாருங்க. எங்கள எறக்கி விடப்போறாங்களாமுல்ல? நீங்க படிச்சவுக, நெசமா, பொய்யா?"

அதே செய்தி. எங்கள் குரூப்பில் நாற்பது ஆசிரியர்கள் கட்டைவிரல் காட்டிய அதே செய்தி, எத்தனையோ கை மாறி அவன் கைக்குப் போயிருக்கிறது. நமக்கு அது காலைக் காபியோடு தள்ளிவிடுகிற ஃபார்வர்டு. அவனுக்கு அது வீடு.

"பொய்டா, பயப்படாதே" என்று அனுப்பி வைத்தேன். உண்மையில் கொடைக்கானல் மலை புலிகள் காப்பகமே கிடையாது. 2013-ல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 600 சதுர கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால், "பயப்படாதே" என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தோன்றியது. நாட்டின் மற்ற காடுகளில் நடந்ததைப் பார்த்தால் அவன் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் புலிக்கு எதிரி இல்லை. "மனுஷனுக்கே சோறு இல்லை, புலிக்குக் கோடி கோடியா?" என்று பேசுகிற கூட்டத்திலும் நான் இல்லை.

1973 ஏப்ரல் 1-ஆம் தேதி இந்திரா காந்தி அரசு புலிகள் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது நான் எட்டாம் வகுப்பு. கார்பெட், கான்ஹா, ரந்தம்பூர், சுந்தரவனம், பந்திப்பூர் என்று 9 காப்பகங்கள். இன்று 58. தமிழ்நாட்டில் 5: 1988-ல் களக்காடு முண்டந்துறை, அதன் பிறகு ஆனைமலை, முதுமலை, 2013-ல் சத்தியமங்கலம், 2021-ல் திருவில்லிபுத்தூர் மேகமலை. 2006 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 1,411 புலி. 2022 கணக்கெடுப்பில் 3,682. தமிழ்நாட்டில் மட்டும் 76-ல் இருந்து 306. உலகத்தில் பல நாடுகளில் புலி அடியோடு இல்லாமல் போன காலத்தில் நாம் இதைச் செய்திருக்கிறோம். நம் வரிப்பணம் உருப்படியாகப் போன இடங்களில் இதுவும் ஒன்று.

திண்டுக்கல்காரர்களுக்கு இதில் தனிக் காரணமும் உண்டு. தண்ணீருக்கு நாம் பட்ட பாடு ஊருக்கே தெரியும். தண்ணி இல்லாத ஊருக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று சொன்னவர்களின் வீட்டில் இருந்துதான் நானும் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தேன். ராத்திரி இரண்டு மணிக்குக் குழாயில் காற்று வரும் சத்தம் கேட்டு எழுந்து குடத்தோடு ஓடியவர்கள் நாம். நமக்குக் குடிக்கத் தண்ணீர் தரும் ஆத்தூர் காமராஜர் அணைக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது? பழனி மலையின் சரிவுக் காட்டில் இருந்து. பேரணையில் எடுக்கிறோமே, அந்த வைகை எங்கே பிறக்கிறது? வருசநாடு, மேகமலைக் காட்டில். அது இப்போது புலிகள் காப்பகம். மருதாநதி, பரப்பலாறு, வரதமாநதி, குதிரையாறு எல்லாம் அந்த மலை கொடுத்தது. மழையைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற வேலையைச் சோலைக்காடும் புல்வெளியும் செய்கின்றன. அந்தக் காட்டில் மான் இருந்தால்தான் புலி இருக்கும். ஒரு புலிக்கு வாரத்துக்கு ஒரு மான் அளவுக்கு இரை வேண்டும். மான் பிழைக்கப் புல் வேண்டும், நீர் வேண்டும். ஆக, புலி இருக்கிற காடு என்றால் எல்லாம் சரியாக இருக்கிற காடு என்று பொருள். புலிக்குச் செலவழிக்கிற காசு நம் வீட்டுக் குழாய்க்குச் செலவழிக்கிற காசும்தான். இதை நான் வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

ஆனால் தலைமையாசிரியர் சார், உங்கள் செய்தியின் கடைசி வரிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. புலியைக் காப்பது வேறு, காட்டில் இருப்பவனைத் துரத்துவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்கிறார்கள். நாம் விலை கேட்காமல் வாங்குகிறோம்.

கணக்கு வாத்தியார்தானே நீங்கள்? வாருங்கள், கணக்குப் பார்ப்போம்.

புலியை அழித்தது யார்? மகாராஜாக்களும் வெள்ளைக்கார துரைகளும். சர்குஜா மகாராஜா ஒருவர் மட்டும் ஆயிரம் புலிகளுக்கு மேல் சுட்டதாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். துப்பாக்கி வைத்திருந்தவன், யானை மேல் ஏறி வந்தவன், செத்த புலி மேல் கால் வைத்துப் போட்டோ எடுத்தவன் யார்? பளியனா, காடரா, சோளகரா? 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை நின்றது. பிறகு தோலுக்கும் எலும்புக்கும் வெளிநாட்டில் விலை இருந்ததால் கள்ள வேட்டைக் கும்பல் வந்தது. அந்தக் கும்பல் காட்டோரத்து ஏழைகளையும் கூலிக்குப் பயன்படுத்தியது உண்மை. மறைக்கவில்லை. ஆனால் கூலி வாங்கியவனை மட்டும் பார்த்துவிட்டு, வாங்கி விற்றவனை மறந்துவிடக் கூடாது.

ராஜஸ்தானில் சரிஸ்கா என்று ஒரு காப்பகம். பலத்த பாதுகாப்பு என்றுதான் காகிதம் சொன்னது. புலிகள் இருப்பதாக 2004 வரை கணக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள். 2005-ல் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. அத்தனையும் வேட்டையில் போய்விட்டது. வருகைப் பதிவேட்டில் முப்பது பேர், வகுப்பில் ஒருவரும் இல்லை என்றால் இன்ஸ்பெக்டர் நம்மை விடுவாரா? அதன் பிறகுதான் பிரதமர் ஒரு குழு போட்டார். சுனிதா நாராயண் தலைமை. அந்தக் குழு என்ன சொன்னது? காட்டில் வாழும் மக்களைப் பகைத்துக்கொண்டு புலியைக் காக்க முடியாது, அவர்களையும் சேர்த்துக்கொண்டுதான் காக்க வேண்டும் என்று. இதை நான் சொல்லவில்லை சார், அரசு போட்ட குழு சொன்னது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2006-ல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தித் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தை அமைத்தார்கள். அதே ஆண்டு வன உரிமைச் சட்டமும் நிறைவேறியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் விஷயம் எளிது. காப்பகத்தின் மையப் பகுதியில் இருப்பவர்களை இடம் மாற்ற வேண்டுமானால், முதலில் அவர்களுடைய வன உரிமைகளை அங்கீகரித்து முடிக்க வேண்டும். அவர்கள் அங்கே இருப்பதால் புலிக்குத் திருத்த முடியாத கெடுதல் வருகிறது என்று நிரூபிக்க வேண்டும். இருவரும் சேர்ந்து வாழ வேறு வழியே இல்லை என்ற முடிவுக்கு வந்திருக்க வேண்டும். கிராம சபை விவரம் தெரிந்து, மனம் ஒப்பிச் சம்மதிக்க வேண்டும். போகிற இடத்தில் வீடும் வசதியும் தயாரான பிறகே இங்கிருந்து கிளப்ப வேண்டும். இவ்வளவும் சட்டத்தில் இருக்கிறது.

நடந்தது என்ன தெரியுமா? வன உரிமைச் சட்டம் 2007 டிசம்பர் 31-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் ஆனைமலை, முதுமலை, களக்காடு முண்டந்துறை மூன்றுக்கும் மையப் பகுதி என்று அரசாணை போட்ட தேதி 2007 டிசம்பர் 28. மூன்றே நாள் முன்னால்! தமிழ்நாடு மட்டும் இல்லை, வேறு பல மாநிலங்களிலும் அந்த இரண்டு மாதத்தில் இதே அவசரம். பரீட்சை தொடங்குவதற்கு முன்னாலேயே விடைத்தாளைத் திருத்தி மார்க் போட்டுவிட்ட கதை. அந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்த காடர், முதுவர், காணி, காட்டுநாயக்கர், இருளர் யாரிடமும் உட்கார்ந்து பேச மூன்று நாளில் முடியுமா?

அதற்குப் பிறகாவது நடந்ததா? 2008-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் தமிழ்நாட்டில் வன உரிமைப் பட்டா கொடுப்பது தடைப்பட்டது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. எட்டு வருஷம். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை எட்டாம் வகுப்பு முடித்துவிடும்.

ஆனைமலைக் காப்பகத்துக்குள் கல்லார் என்று ஒரு காடர் குடியிருப்பு. 2019 ஆகஸ்ட் மழையில் மண் சரிந்து வீடுகள் போயின. பக்கத்திலேயே தெப்பக்குள மேட்டில் இடம் கொடுங்கள் என்று கேட்டார்கள். எஸ்டேட் லைன் வீட்டில் கிடந்து, இரண்டு வருஷத்துக்கும் மேல் போராடித்தான் அது கிடைத்தது. தங்கள் காட்டிலேயே, தங்கள் மலையிலேயே, கொஞ்சம் தள்ளி ஒரு இடம். அதற்கு அந்தப் பாடு.

இப்போது 2024-க்கு வாருங்கள். ஜூன் மாதம் தேசியப் புலிகள் ஆணையம் மாநிலங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. காப்பகங்களின் மையப் பகுதிகளில் 591 கிராமங்கள், 64,801 குடும்பங்கள் இருக்கின்றன, இடமாற்றத்தை முன்னுரிமை கொடுத்து விரைவுபடுத்துங்கள் என்று. உரிமை கொடுப்பதில் ஆமை, இடம் மாற்றுவதில் முயல். இதைத்தான் நான் நியாயம் இல்லை என்கிறேன்.

"சும்மாவா அனுப்புகிறார்கள்? குடும்பத்துக்கு 15 லட்சம் தருகிறார்களே" என்று குரூப்பில் ஒருவர் கேட்டிருந்தார். உண்மை. முன்பு 10 லட்சம், 2021 முதல் 15 லட்சம். சார், நீங்கள் பணி ஓய்வில் வாங்கிய பணத்தில் மூன்று சென்ட் மனை வாங்க எவ்வளவு அலைந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். நத்தம் ரோட்டில் ஒரு விலை, பழனி ரோட்டில் ஒரு விலை என்று புலம்பினீர்கள். படித்த, பேசத் தெரிந்த, பென்ஷன் வருகிற உங்களுக்கே அந்தக் கதி. பேங்க் படியே ஏறாதவன் கையில் 15 லட்சத்தைக் கொடுத்தால் ஒரு வருஷத்தில் அது யார் யார் கைக்குப் போகும்? வண்டி விற்கிறவன் வருவான், சீட்டுப் பிடிக்கிறவன் வருவான், தூரத்துச் சொந்தம் என்று ஒருவன் வருவான். பணம் தீர்ந்த பிறகு அவன் திரும்பிப் போகக் காடு இருக்காது. திருப்பூரில் கூலி, இல்லாவிட்டால் செங்கல் சூளை.

கர்நாடகத்தில் நாகரஹொளேயில் இருந்து 1980-களில் வெளியேற்றப்பட்ட ஜேனு குறுபர் குடும்பங்கள், 2025 மே மாதம் தங்கள் பழைய இடத்துக்கே திரும்பிப் போய்க் குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். நாற்பது வருஷம் கழித்து! காப்பித் தோட்டத்துக் கூலியாக நாற்பது வருஷம் இருந்தும் மனசு ஆறவில்லை. நல்லபடியாகக் குடியமர்த்தப்பட்டவன் எவனாவது நாற்பது வருஷம் கழித்துத் திரும்பிப் போவானா?

எல்லாரும் காட்டிலேயே கிடக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. இதையும் எழுதினால்தான் நியாயம். நீலகிரி மாவட்டத்தில் தெங்குமரஹடாவில் பலர் கீழே வரச் சம்மதித்தார்கள். ஆற்றைக் கடந்து போகிற ஊர், ஆஸ்பத்திரிக்கு வழி இல்லை, யானை பயம். போகிறோம் என்கிறவனை யார் தடுக்க முடியும்? ஆனால் அங்கேயும் பாருங்கள், சம்மதித்தவர்களுக்குப் பணத்தை விடுவிக்கச் சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவு போட வேண்டியிருந்தது. போக மாட்டேன் என்பவனுக்கு நெருக்கடி, போகிறேன் என்பவனுக்குக் காத்திருப்பு.

என் மாணவனிடமும் கேட்டேன். "கீழ வந்துர்றியாப்பா? பிள்ளைகள் படிப்புக்கு நல்லதுதானே?" அவன் யோசித்துச் சொன்னான். "வரலாம் டீச்சர். ரோடு போட்டு, கரண்டு குடுத்தா அங்கயே இருக்கலாம். எதுன்னாலும் எங்ககிட்டக் கேட்டுட்டுச் செய்யச் சொல்லுங்க." கிராம சபை என்ற சொல்லை அவன் சொல்லவில்லை. அர்த்தம் அதேதான்.

அடுத்த வாதம், "மனிதன் இருந்தால் புலி இருக்காது" என்பது. கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன மலையைப் பாருங்கள். 2011 தொடக்கத்தில் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். அதே ஆண்டில் அங்குள்ள சோளகர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. காப்பகத்துக்குள் அப்படிக் கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. இன்றைக்கும் அங்கே புலியும் இருக்கிறது, சோளகரும் இருக்கிறார்கள்.

முதுமலைக்கு வாருங்கள். 2021-ல் டி23 என்ற புலி. கூடலூர், மசினகுடிப் பக்கம் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்டது. சுட்டுக் கொல்லுங்கள் என்று ஊரே கொதித்தது. செத்தவர்கள் வீட்டில் இருந்து பார்த்தால் அந்தக் கோபத்தைத் தப்பு சொல்ல முடியாது. மூன்று வாரம் தேடி அக்டோபர் 15-ஆம் தேதி உயிரோடு பிடித்தார்கள். ட்ரோன் பறந்தது, கேமரா வைத்தார்கள், கும்கி யானை வந்தது. இவற்றோடு சேர்ந்து, தடம் பார்த்துத் தேடி அலைந்தவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். அவர்களில் பழங்குடிப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒடிந்த புல்லைப் பார்த்து எப்போது போனது என்று சொல்லும் படிப்பு எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது? புலியின் உயிரைக் காத்ததில் அவர்களுக்குப் பங்கு உண்டு. ஆஸ்கர் வாங்கிய படத்தில் யானைக்குட்டியை வளர்த்த பொம்மனும் பெள்ளியும் காட்டுநாயக்கர்கள்தான். அந்தப் படத்துக்குக் கை தட்டிய நாம்தான் இந்த ஃபார்வர்டுக்கும் கட்டைவிரல் காட்டுகிறோம்.

இப்போது நம் மலைக்கு வருவோம். பழனி மலையைக் கெடுத்தது யார்?

உச்சியில் இருந்த புல்வெளியை "தரிசு" என்று எழுதி வைத்து அதில் வாட்டில், யூக்கலிப்டஸ், பைன் நட்டது பளியரா? வாட்டில் மரம் எதற்கு? அதன் பட்டையில் தோல் பதனிடலாம். தோல் ஷாப்புகளுக்குப் பெயர் வாங்கிய ஊர் எது? நம் திண்டுக்கல்தான். அந்த மரங்கள் நீரை உறிஞ்சிப் புல்வெளியை மூடிவிட்டன. புல்வெளி போனால் கடமான் எங்கே போகும், அதை நம்பிய புலி எங்கே போகும், நம் அணைக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? தெர்மாமீட்டர் தொழிற்சாலை வைத்துப் பாதரசத்தைக் காட்டில் விட்டது பளியரா? 2001-ல் மூடிய பிறகும் அந்த மண்ணைச் சுத்தம் செய்வதற்கு எத்தனை வருஷம் இழுத்தது! பள்ளத்தாக்கைப் பார்த்தபடி அனுமதி இல்லாமல் காட்டேஜ் கட்டியது யார்? சீசனில் மலை தாங்காது என்று 2024 மே 7 முதல் இ-பாஸ் வைக்கச் சொன்னது நீதிமன்றம். அந்தக் காரில் எல்லாம் பளியரா உட்கார்ந்திருந்தார்? நாம்தான் சார். போன வருஷம் நம் சங்கத்து டூரில் வேன் நிறையப் போய் வந்தோமே, எத்தனை பிளாஸ்டிக் டம்ளர் கொண்டுபோனோம், எத்தனை திரும்பக் கொண்டுவந்தோம்? அந்தக் கணக்கை முதலில் எழுதுவோம்.

காப்பகம் என்றால் எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். கிழங்கு தோண்டுகிறவன் காட்டுக்கு ஆபத்து, ஜீப்பில் கூட்டம் கூட்டமாகப் புலி பார்க்கப் போகிறவன் சுற்றுலாப் பயணி. தேன் எடுப்பது குற்றம், ரிசார்ட்டில் தேன் விற்பது வியாபாரம். இது எந்த ஊர் நியாயம்?

கடைசியாக என் சொந்தக் குற்றம் ஒன்று. இதைச் சொல்லாமல் மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

அந்தப் பையன் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது சூழ்நிலையியல் பரீட்சை வைத்தேன். "புலிகள் எங்கே வாழ்கின்றன?" என்று ஒரு கேள்வி. நான் எழுதிப் போட்ட விடை, சுந்தரவனக் காடுகள். அவன் எழுதியிருந்தான்: "எங்க மலையில." சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "தேவாங்கு மாதிரி முழிக்காதே, போய் உட்காரு" என்று வேறு சொன்னேன்.

மேற்கே ஆனைமலைக் காப்பகத்தையும் கேரளத்துச் சின்னாறு காட்டையும் தொட்டுக்கொண்டு கிடக்கிறது அந்த மலை. அங்கே யானை, காட்டெருமை, புலி நடமாடுகிறது. ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மலையை நான் திரும்பிப் பார்க்கவில்லை, ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்த காட்டைப் படிக்கச் சொன்னேன். பையன் பார்த்ததை எழுதினான். நான் பார்க்காததற்கு மார்க் போட்டேன். தேவாங்கு என்று திட்டினேனே, அந்தத் தேவாங்குக்காக 2022-ல் நம் அய்யலூர், கடவூர்ப் பக்கம் 11,806 ஹெக்டேரில் ஒரு சரணாலயமே அமைத்தது தமிழக அரசு. நாட்டிலேயே முதல் தேவாங்கு சரணாலயம். நான் திட்டுவதற்கு வைத்திருந்த சொல்லுக்குப் பின்னால் ஒரு உயிர் இருந்தது என்பதே எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் உறைத்தது.

டீ குடித்தபோது அவனிடம் இதைச் சொன்னேன். அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. சிரித்துக்கொண்டே, "விடுங்க டீச்சர், அன்னைக்கு நீங்க மலைக்கு வந்ததில்லையில்ல" என்றான். அவ்வளவுதான் சொன்னான். எனக்கு அடித்ததுபோல் இருந்தது.

மலைக்குப் போகாதவர்கள்தான் மலையைப் பற்றி முடிவு செய்துகொண்டிருக்கிறோம் சார். அன்று நான் போட்ட பெருக்கல் குறியும் இன்று நீங்கள் அனுப்பிய செய்தியும் ஒன்றுதான். நீங்கள் கெட்ட எண்ணத்தோடு அனுப்பவில்லை என்று எனக்குத் தெரியும். நானும் அன்று கெட்ட எண்ணத்தோடு திருத்தவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், என் அறிவுக்கு எட்டியது இது.

1. பழனி மலையை நாளைக்குப் புலிகள் காப்பகம் ஆக்க வேண்டும் என்று அரசு நினைத்தால் நான் முதல் ஆளாக வரவேற்பேன். ஆனால் அரசாணைக்கு முன்னால் ஒவ்வொரு பளியர் குடியிருப்பிலும் வன உரிமைப் பட்டாவும் சமூக உரிமையும் கொடுத்து முடித்திருக்க வேண்டும். மூன்று நாள் முந்திக்கொள்ளும் வேலை மறுபடி வேண்டாம்.

2. காட்டில் தடம் பார்க்கிற பிள்ளைகளைத் தினக்கூலியாகவே வைத்துக் கிழவர் ஆக்காதீர்கள். நிரந்தரச் சம்பளமும் காப்பீடும் கொடுங்கள். புலி அடித்தாலும் யானை மிதித்தாலும் முதலில் சாகிறவர்கள் அவர்கள்.

3. வாட்டில், பைன் மரங்களை அகற்றிப் புல்வெளியையும் சோலையையும் மீட்கிற வேலையை வேகப்படுத்துங்கள். அந்த வேலையை மலைவாசிகளுக்கே கொடுங்கள்.

4. அனுமதி இல்லாத கட்டடங்களை இடித்துவிட்டு, அதன் பிறகு குடிசையைப் பற்றிப் பேசுங்கள். வரிசை முக்கியம்.

5. இது நமக்கு. பணியில் இருக்கும் ஆசிரியர்களே, புலி எங்கே வாழ்கிறது என்று கேட்கும்போது பிள்ளைகளை ஜன்னலுக்கு வெளியே பார்க்கச் சொல்லுங்கள். மலையில் இருந்து வரும் பிள்ளை எழுதியதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிட்டுத் திருத்துங்கள்.

தலைமையாசிரியர் சார், இந்தப் பதிவை நான் நம் குரூப்பிலும் போடப் போகிறேன். நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, அந்தச் செய்தியை மட்டும் எடுத்துவிடுங்கள். யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களுக்கு "கடைசி வரி தப்பு" என்று ஒரு வரி அனுப்புங்கள். நாற்பது பேரும் ஆளுக்கு ஒன்று அனுப்பினால் என்றாவது ஒரு நாள் அது சுற்றிச் சுற்றி அவன் போனுக்கும் போய்ச் சேரும். அவன் பயத்தைப் போக்க நம்மால் முடிந்தது அவ்வளவுதான், அதையாவது செய்வோம்.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள். மரியாதையாக எழுதினால் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்வேன். நேரம் எனக்கு நிறைய இருக்கிறது.

அன்புடன்,
ஓய்வு பெற்ற இடைநிலை ஆசிரியை,
திண்டுக்கல்.